கழுதைக்குப் போக மிஞ்சிய போர்வை

டினோஜா தன்னை ஒருநாள்கூட ‘அண்ணா’ என்று கூப்பிட்டதில்லை என்பதைக் கண்டுபிடித்த அன்று, றொட்னி மன்னார் பஸ் நிலையத்துக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்திவிட்டு, பக்கத்து ஓட்டோக்கார றொசாந்தனுக்கு ஒரு பிளேன்ரீயும் இரண்டு ரோல்சும் வாங்கிக் கொடுத்தான்.

“எல்லாரும் உன்னை ஓட்டோ அண்ணா எண்டுதானே கூப்பிடுகினம்?” றொசாந்தன் ரோல்சைக் கடித்தபடி கேட்டான்.

“எல்லாரும்தான். எழுபது வயசுக் கிழவியளும். அவ மட்டும் றொட்னி எண்டுறா.”

“பேர் தெரிஞ்சிருக்கு. அவ்வளவுதானே.”

“ரெண்டு வருசம் மச்சான். வாய் தவறியெண்டாலும் ஒருக்கா வந்திருக்க வேணுமே.”

றொசாந்தன் மிச்ச ரோல்சைப் பார்த்தான். “அதுவும் சரிதான்,” என்றான். இரண்டாவது ரோல்சுக்காகச் சொன்னானோ, உண்மையில்தான் சொன்னானோ, றொட்னிக்கு அது போதுமாக இருந்தது. அன்று முழுக்க அவன் ஹோர்ன் அடிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் பாட்டுப் பாடினான்.

டினோஜா வங்காலைப் பெண். மன்னார் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். வேலை நாட்களில் விடியற்காலை ஆறேகாலுக்கு றொட்னி அவளை வங்காலையில் ஏற்றி, தள்ளாடிச் சந்தியால் திரும்பி, பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவான். அரை மணித்தியால ஓட்டம். போகும்போது அவள் வார்டில் நடந்த கதைகளைச் சொல்லுவாள். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே ஒளித்த பொலிஸ்காரரைப் பற்றி அவள் சொன்ன நாளில் இருவரும் சிரித்த சிரிப்பில் ஓட்டோ பாலத்தில் வளைந்து வளைந்து போனது. ஆனால் அவன் அவளை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டான். அவளுக்கு அரசாங்க வேலை. அவனுக்கு மூன்று சில்லு ஓட்டோ. சின்னக்கடையில் அண்ணன் குடும்பத்தோடு ஓர் அறையில் இருக்கிறான். வங்காலையில் அவளுடைய தாய் றஞ்சிதம், மகளுக்கு ஒரு வாத்தியாரையோ கந்தோர் உத்தியோகத்தரையோ பார்த்துக்கொண்டிருப்பதாகக் கதை. ஆகவே இரண்டு வருடமாக அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரியில் டினோஜாவுக்கு நுவரெலியாவுக்கு மாற்றல் வந்தது. அவளையும் பெட்டிகளையும் பஸ்ஸுக்கு ஏற்றிக்கொண்டு வந்தவனும் றொட்னிதான். ஒரு வசனத்தை முழு வழியும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தான். பஸ் புறப்படும் நேரம் அவள் யன்னலால் எட்டிப் பார்த்தாள். றொட்னி வாயைத் திறந்தான்.

“தண்ணிப் போத்தல் எடுத்தனீங்களோ மிஸ்?”

“ஓம். எடுத்தனான்,” என்றாள் டினோஜா. பஸ் போய்விட்டது.

பத்து நாள் கழித்து அவள் போன் எடுத்தாள். அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுக்க முடியுமா என்று கேட்கத்தான் எடுத்தாள். கடைசியில், “இஞ்ச சரியான குளிர் றொட்னி. ரெண்டு பெட்சீற் போத்தும் விறைக்குது. பல்லெல்லாம் தந்தி அடிக்குது,” என்று சிரித்தாள்.

அவள் சிரித்தாள். றொட்னி சிரிக்கவில்லை. அன்று பின்னேரமே மன்னாரில் உள்ள பிடவைக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினான். தடித்த போர்வை கேட்டவனைக் கடைக்காரர்கள் காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். “இந்த ஊரில போர்வை வித்தா எங்களைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்,” என்றார் ஒருவர்.

அடுத்த நாள் எருக்கலம்பிட்டிக்கு ஒரு ஹயர். பஹ்மிதா என்ற தையல்காரிக்கு டவுனில் இருந்து பிடவைக்கட்டு கொண்டுபோய்க் கொடுப்பது றொட்னியின் வழக்கமான ஓட்டம். கட்டை இறக்கி வைக்கும்போது அவளுடைய கடைசிப் பிள்ளை ஒரு விரிப்பில் படுத்துக் கிடந்ததைக் கண்டான். சின்னச் சின்னச் சதுரத் துணிகளை ஒட்டி, உள்ளே பஞ்சு வைத்து, குறுக்கும் நெடுக்கும் தைத்த விரிப்பு. றொட்னி குனிந்து அதைத் தொட்டான். அமத்தினான். பிள்ளையை மெல்ல ஒரு பக்கம் உருட்டிவிட்டுக் கீழ்ப்பக்கத்தையும் பார்த்தான்.

“பிள்ளையப் பாக்குறீங்களா, துணியப் பாக்குறீங்களா தம்பி?” என்றாள் பஹ்மிதா.

“அக்கா, இப்பிடி ஒண்டு பெருசா, ஒரு ஆள் போத்துற மாதிரித் தைச்சுத் தருவீங்களோ?”

“யாருக்கு?”

“ஒரு ஆளுக்கு.”

“ஆள் ஆம்பிளையா பொம்பிளையா?”

“ஆள்தான்.”

உள்ளே கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அவளுடைய புருசன் முனவ்வர் பேப்பரைக் கீழே இறக்கினார். பஹ்மிதா புருசனைப் பார்த்தாள். பிறகு றொட்னியைப் பார்த்தாள்.

“நான் தைச்சா அது தையக்காரி தைச்ச போர்வை. கடையில வாங்கினதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?” என்றாள். “நீங்களே தைங்க. ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில உங்களுக்கு ஹயர் இல்லதானே. மெசின் இரிக்கி. நான் சொல்லித் தாறன்.”

“நானோ?”

“மூணு சில்லு ஓட்டுறீங்க. இது ஒரு சில்லுதானே,” என்றார் முனவ்வர்.

துணிக்கும் பஹ்மிதா ஒரு நிபந்தனை வைத்தாள். தன்னுடைய வெட்டுத்துணி மூட்டையைத் தொடக்கூடாது. “அது கண்டவங்கட சட்டைத்துணி. அந்த ஆளுக்கு அதில என்ன இரிக்கி? அந்த ஆளுக்குத் தெரிஞ்சவங்கட துணியாக் கொண்டாங்க. போத்துக்கொண்டு படுக்கக்குள்ள இது இன்னாருடைய சீலை, இது இன்னாருடைய சட்டை எண்டு ஒவ்வொண்டாப் பாக்கணும்.” பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒரு சாண் சதுரம் வெட்டிக் கொடுத்தாள். அகலத்துக்கு ஏழு, நீளத்துக்கு ஒன்பது. அறுபத்துமூன்று துண்டு வேண்டும்.

அங்கேதான் றொட்னி பொய் சொல்லத் தொடங்கினான்.

ஆஸ்பத்திரிக் கன்ரீன்கார அக்காவிடம், அண்ணன்ர பிள்ளையின் தொட்டிலுக்கு விரிப்புத் தைப்பதாகச் சொல்லி ஒரு பழைய பூப்போட்ட சட்டை வாங்கினான். அண்ணனின் கடைசிப் பிள்ளைக்கு ஒன்பது வயது. டினோஜா வேலை செய்த வார்டில் இருந்த மூத்த நேர்ஸிடம், மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகும்போது நிலத்தில் விரிக்க என்றான். அவர் இரண்டு சீலையும் ஒரு யன்னல் சீலையும் தந்தார். வங்காலைக் கத்தோலிக்கக் கோயிலில் டினோஜாவோடு பாடின பெண்களிடம் என்ன சொன்னான் என்பது அவனுக்கே பிறகு ஞாபகம் இல்லை. ஆனால் நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பாட்டுக் குழுச் சட்டைத் துணி ஒரு பை நிறையக் கிடைத்தது. அவளுக்கு எட்டாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்த ரீச்சர், எதற்கு என்று கேட்காமலே ஒரு வொயில் சீலையை மடித்துத் தந்துவிட்டு, அவனை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையில் றொட்னி ஓட்டோவை முன் கியரில் போடுவதற்குப் பதிலாக றிவேர்ஸில் போட்டு, ரீச்சருடைய செம்பரத்தைச் செடியைச் சாய்த்தான்.

கடைசியாகத் துணிந்து றஞ்சிதத்திடம் போனான். அவர் முற்றத்தில் கட்டாப்பாறை மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தார்.

“அன்ரி, ஓட்டோ சீற்றுக்கு உறை தைக்கிறன். பழைய துணி ஏதும் இருந்தா…”

“சீற்றுக்கோ.”

“ஓம் அன்ரி. துண்டு துண்டா ஒட்டி. இப்ப அதுதான் ஸ்ரைல்.”

றஞ்சிதம் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், அலுமாரியைத் திறந்து வெகுநேரம் தேடினார். ஒரு சின்ன மஞ்சள் சட்டையைக் கொண்டுவந்தார். கழுத்தில் வெள்ளை லேஸ், மூன்று பொத்தான். “டினோஜான்ர முதலாவது பிறந்தநாளுக்கு நான் தைச்சது. சும்மாதான் கிடக்குது,” என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. றொட்னி அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

தையல் அவன் நினைத்ததுபோல இருக்கவில்லை. காலால் மிதிக்கும் மெசின் அவன் மிதித்தால் பின்பக்கமாக ஓடி நூலை அறுத்தது. முன்பக்கமாக ஓடினால் நிற்காமல் ஓடியது. “இதுக்கு பிரேக் எங்க அக்கா?” என்று கத்துவான். “காலை எடுங்க தம்பி, காலை எடுங்க,” என்று பஹ்மிதா கத்துவாள். கதிரையில் முனவ்வர் எழும்பி நின்று, “பாலத்தில போற மாதிரிப் போறார், கடலுக்க விழப்போறார்,” என்று நேர்முக வர்ணனை சொல்லுவார். முதல் வாரம் தைத்தது எல்லாம் மீன் முள்ளுப்போலக் கோணிக்கொண்டு நின்றது. பஹ்மிதா ஒன்றையும் விடாமல் பிரிக்கச் சொன்னாள். இரண்டாவது வாரம் ஒரு வரிசை நேராக வந்தது. றொட்னி அந்த ஏழு துண்டையும் மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு தரம் ஓடினான். பஹ்மிதாவின் பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள்.

உள்ளே வைக்க என்று, ஓட்டோவுக்குக் குசன் அடிக்கும் கடையில் இருந்து இரண்டங்குலத் தடிப்பில் ஸ்பொஞ்ச் கொண்டுவந்தான். பஹ்மிதா அதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இதுக்குள்ள ஊசி போகுமா? இது போர்வையா, ஓட்டோ சீற்றா?”

“சீற்றெண்டு சொல்லித்தானே துணி வாங்கினனான்,” என்றான் றொட்னி. திரும்பப் போய் மெல்லிய பஞ்சுப் படலம் வாங்கி வந்தான்.

முடிந்த வரிசைகளை மட்டும் பஞ்சோடும் அடித்துணியோடும் சேர்த்துத் தைக்கத் தொடங்கிய அன்று, வீட்டில் உடுத்திருந்த சாரத்தோடே வந்துவிட்டான். குனிந்த தலை நிமிராமல் ஓரம் முழுக்க ஒரே மூச்சில் தைத்தான். அவ்வளவு நேர் வரியை அவன் அதற்கு முதல் தைத்ததே இல்லை. பெருமையோடு எழும்பினான். போர்வையும் கூடவே எழும்பியது. ஓர் அடி வைத்தான். மெசினும் மெல்ல நகர்ந்தது. போர்வையின் ஓரத்தோடு சாரத்தையும் சேர்த்து ஒரு முழ நீளத்துக்குத் தைத்திருந்தான்.

பஹ்மிதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். அங்கிருந்து சட்டி ஒன்று விழுந்த சத்தமும், அதற்குமேல் அவளுடைய சிரிப்பும் கேட்டன. முனவ்வர் நூல் வெட்டும் பிளேட்டை எடுத்துக்கொண்டு முழங்காலில் இருந்தார்.

“ஆடாதீங்க தம்பி. நல்ல இடமாப் பாத்துத்தான் தைச்சிருக்கீங்க.”

“நான் ஆடேல்ல முனவ்வர் நானா. நீங்கதான் சிரிச்சு ஆடுறீங்கள்.”

சாரம் கிழிந்துதான் வந்தது. பஹ்மிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, கிழிந்த துண்டைப் பார்த்தாள். “எல்லாரட துணியும் இரிந்தது. உங்கட துணிதான் இல்லாம இரிந்தது,” என்றாள். “அதையும் மட்டையில வைச்சு வெட்டுங்க.”

மஞ்சள் சட்டையை மட்டும் அவன் வெட்டாமல் வைத்திருந்தான். நட்டநடுவில் வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தான். பெப்ரவரி கடைசியில் ஒரு காலை, அதை ஒரு காகிதப் பையில் சுற்றி ஓட்டோவின் பின்சீற்றில் வைத்துவிட்டு, பஸ் நிலையத்தில் பிளேன்ரீ குடிக்க இறங்கினான். மன்னார் டவுனில் கழுதைகளுக்குத் தெருவில் காகிதம் என்றால் சோறு. திரும்பிப் பார்த்தபோது ஓட்டோவுக்குள் ஒரு கழுதையின் தலை இருந்தது. தலை வெளியே வந்தபோது வாயில் காகிதப் பையும், பைக்குள்ளிருந்து தொங்கிய மஞ்சள் சட்டைக் கையும் இருந்தன.

“அது டினோஜான்ர சட்டை,” என்று றொட்னி கத்தினான். பஸ் நிலையத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

கழுதை ஓடியது. றொட்னி ஓடினான். எதற்கு என்று தெரியாமல் றொசாந்தனும் ஓடினான். மீன் சந்தையைச் சுற்றி, சோளகக் காற்றுக்கு மரம் சாய்ந்த வீதியால் இறங்கி, கோட்டைக்குப் பக்கத்துத் திறந்த வெளியில் வைத்து றொசாந்தன் கழுதையின் கழுத்தைக் கட்டிப் பிடித்தான். றொட்னி அதன் வாயைத் திறந்தான். கழுதை ஒரு தரம் அவனைப் பார்த்து, ஒரு தரம் விழுங்கியது. அவன் கையில் மிஞ்சியது உள்ளங்கை அளவு மஞ்சள் துணியும், லேஸில் ஒரு விரல் நீளமும், ஒரு பொத்தானும்.

“மச்சான்,” றொசாந்தன் மூச்சு வாங்கினான், “டினோஜான்ர சட்டையோ? அப்ப தொட்டில் விரிப்பு எண்டு எனக்குச் சொன்னது?”

றொட்னி திரும்பி ஓடி, ஓட்டோவை எடுத்து நேராக வங்காலைக்கு ஓட்டினான். றஞ்சிதம் அன்றும் முற்றத்தில் மீனோடுதான் இருந்தார். றொட்னி உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

“அன்ரி, கழுதை திண்டுட்டுது.”

றஞ்சிதம் மஞ்சள் துண்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். காற்சட்டை முழங்கால் கிழிந்திருந்தது, தலையில் வைக்கோல். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அவர் அழுகிறார் என்று றொட்னி முதலில் பயந்தான்.

“ஒரு கழுதை திண்டுட்டுது,” என்றார் றஞ்சிதம், சிரிப்பை அடக்க முடியாமல். “மற்றக் கழுதை தைக்குது.”

றொட்னி உள்ளங்கையை மூடிக்கொண்டான்.

“ஓட்டோ சீற்றுக்கு ஆரும் பிள்ளையின்ர சட்டையை ரெண்டு கையாலும் வாங்குவினமோ? போன கிழமை நான் கிளினிக்குக்குப் போனனான். கன்ரீன்காரி தொட்டில் எண்டுறா. பெரிய மிஸ் மடு எண்டுறா. நான் சீற்று எண்டன். மூண்டு பேரும் ஆளை ஆள் பாத்தம். பிறகு மருந்து எடுக்கவும் மறந்துபோய்ச் சிரிச்சுக்கொண்டு வந்தனான்.”

“அன்ரி, உங்களுக்குக் கோவம் இல்லையோ?”

“வாத்தியார் மாப்பிளை ரெண்டு பேர் வந்து பாத்தவை. நாலு தரம் வந்த ஒருத்தருக்கு அவளின்ர ட்யூட்டி எத்தினை மணிக்கு எண்டே தெரியாது. நீர் ரெண்டு வருசம் ஒருநாள் பிந்தேல்ல.” அவர் எழும்பி உள்ளே போனார். இந்தத் தரம் அலுமாரியில் தேடவில்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்ததுபோல வந்தார். கையில் தன்னுடைய கலியாணச் சீலை. தங்கச் சரிகைக் கரை. கத்தரிக்கோலால் ஒரு நறுக்கு நறுக்கி, மிச்சத்தைக் கையால் கிழித்தார். “நடுவில இதை வையும். கழுதைக்குப் போக மிஞ்சினதை இதுக்கு மேல வைச்சுத் தையும். பொத்தானையும் விடாதையும்.”

றொட்னிக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. முற்றத்தில் கிடந்த மீன் வாளியைத் தூக்கி, அவர் கேட்காமலே கிணற்றடிக்குக் கொண்டுபோய் வைத்தான். பிறகு அது கிணற்றடிக்குப் போக வேண்டிய வாளி இல்லை என்று அறிந்து திரும்பக் கொண்டுவந்தான். றஞ்சிதத்துக்குத் திரும்பச் சிரிப்பு வந்தது. பின்னேரம் டினோஜாவின் தகப்பன் சந்தியோகு கடலால் வந்து, விசயத்தைக் கேட்டு, தன்னுடைய சாரம் ஒன்றைத் தோய்த்து வேலியில் போட்டார். அடுத்த நாள் அது மடித்து ஓட்டோவில் இருந்தது.

மார்ச் முதல் வெள்ளிக்கிழமை பஹ்மிதா கடைசி நூலை அறுத்தாள். போர்வையை முற்றத்தில் விரித்து, அவளும் முனவ்வரும் றொட்னியும் மூத்த பிள்ளையும் நாலு மூலையைப் பிடித்து உதறினார்கள். ஓரிடத்தில் சதுரம் சதுரமாக இல்லை. ஒரு வரிசை மெல்ல மேலே ஏறிக்கொண்டு போனது. நடுவில் தங்கக் கரைக்கு மேலே மஞ்சள் துண்டு, அதில் பொத்தான்.

“மாஷா அல்லாஹ்,” என்றாள் பஹ்மிதா. “இதைத் தையக்காரி தைச்சது எண்டு ஒரு ஆளும் சொல்லமாட்டாங்க.”

அடுத்த நாள் விடிய றொட்னி போர்வையை ஒரு வெள்ளைச் சாக்கில் போட்டுக் கட்டி, கண்டி பஸ்ஸில் ஏறினான். சாக்கை மேலே வைக்கச் சொன்ன கொண்டக்டரிடம், “இல்லை, இது என்னோட,” என்று மடியில் வைத்துக்கொண்டான். கண்டியில் நுவரெலியா பஸ்ஸுக்கு மாறினான். பஸ் மலையில் வளைந்து ஏற ஏற யன்னலால் வந்த காற்றுக் காதைக் கடித்தது. அவன் மெல்லிய சேட்டோடு வந்திருந்தான். மன்னாரில் புறப்பட்டவனுக்குக் குளிர் என்பது கதையில் வருகிற ஒன்றாகத்தான் இருந்தது.

பக்கத்தில் கறிமிளகாய்க் கூடையோடு இருந்த சிங்கள அம்மாவுக்கு அவன் நடுங்குவது பொறுக்கவில்லை. சாக்கின் வாயால் தெரிந்த துணியைத் தொட்டு, போர்த்துக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினார். றொட்னி தலையாட்டி மறுத்தான். “காட்டத புத்தே?” என்று கேட்டார் அவர். யாருக்கு மகனே என்று கேட்கிறார் என்பது விளங்கியது.

இரண்டு மாதமாக இந்தக் கேள்விக்கு அவன் தொட்டில், மடு, சீற்று என்று சொல்லி வந்தான். இந்த பஸ்ஸில் அவனைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. றொட்னி தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தைத் திரட்டினான்.

“மகே கெல்லட்ட,” என்றான். என்னுடைய பெட்டைக்கு.

சொன்னபிறகுதான் தான் சொன்னது தனக்குக் கேட்டது. அந்த அம்மா கைதட்டினார். முன்சீற்றில் இருந்தவர் திரும்பினார். யார் தைத்தது என்று கேட்டார்கள். நான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். பிறகு சாக்கை அவிழ்க்காமல் விடவில்லை. போர்வை பஸ்ஸின் நடுவில் நாலைந்து சீற்றுக்குமேல் விரிந்தது. கொண்டக்டர் டிக்கற் மெசினைத் தோளில் போட்டுவிட்டு அதன் கோணல் வரிசையில் விரலை ஓட்டினான். “ஹரி லஸ்ஸனய்,” என்றார்கள், மிகவும் வடிவு என்று. நடுவில் இருந்த மஞ்சள் துண்டு ஏன் இவ்வளவு சின்னது என்று ஒருவர் கேட்டார். சிங்களத்தில் கழுதைக்கு என்ன சொல் என்று றொட்னிக்குத் தெரியாது. கழுதைபோலக் கத்திக் காட்டினான். அவன் இறங்கும்போது முழு பஸ்ஸும் கைகாட்டியது.

நேர்ஸ்மார் தங்கும் விடுதி வாசலில் மலையகத்துக் காவல்காரர் ஒருவர் நின்றார். பல் அடிக்க றொட்னி, “டினோஜா மிஸ்…” என்று தொடங்கினான்.

காவல்காரர் சாக்கைப் பார்த்தார். “மன்னார்ங்களா? போர்வைங்களா?” என்றார்.

“ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“மிஸ் ஒரு மாசமா வாசலப் பாத்துக்கிட்டே இருக்காங்கங்க. போறப்ப ஒரு தடவ, வர்றப்ப ஒரு தடவ கேப்பாங்க.” உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “மிஸ், வந்துருச்சுங்க.”

டினோஜா வந்தாள். ஒரு சுவெட்டருக்கு மேல் இன்னொரு சுவெட்டர், தலையைச் சுற்றித் துவாய், சிவந்த மூக்கு. படியில் நின்று றொட்னியையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்க, விரிச்சுக் காட்டுங்கோ,” என்றாள். தடிமன் பிடித்துக் குரல் அடைத்திருந்தது.

“மிஸ்ஸுக்கு ஆர் சொன்னது?”

“ஆர் சொல்லேல்ல எண்டு கேளுங்கோ. முதலில் ரீச்சர் எடுத்தவ. பிறகு பாட்டுக் குழுவில அஞ்சு பேர். கன்ரீன் அக்கா. பெரிய மிஸ். றொசாந்தன். அம்மா கழுதைக் கதை சொல்லச் சொல்ல நான் வார்டுக்குள்ள சிரிச்சு, டொக்டரிட்டப் பேச்சு வாங்கினனான். ஆரெண்டே தெரியாத ஒரு முஸ்லிம் நானா எடுத்து, நல்ல பிள்ளை, ஆனா மெசினுக்குக் கிட்ட விடாதீங்க எண்டார்.” அவள் ஒரு தும்மல் தும்மினாள். “எல்லாரும் சொல்லியாச்சு. போர்வை மட்டும் வரேல்ல. இஞ்ச கடை முழுக்கப் போர்வை. நான் ஒண்டும் வாங்கேல்ல.”

“ஏன்?”

“ஏனோ? நீங்கள் கொண்டுவரேக்க என்ர கட்டிலில வேற போர்வை கிடந்தா என்ன செய்யிறது? ஒரு மாசமா விறைச்சுக்கொண்டு கிடக்கிறன். ஏன் இவ்வளவு நாள் எடுத்தனீங்கள் றொட்னி? குளிர்காலமே முடியப்போகுது.”

றொட்னிக்குச் சிரிப்பு வந்தது. நடுக்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் சாக்கின் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. காவல்காரர்தான் அவிழ்த்தார். விடுதி மதிலில் போர்வையை விரித்தார்கள். டினோஜா ஒவ்வொரு துண்டாகத் தொட்டாள். “இது ரீச்சர். இது எங்கட பாட்டுக் குழுச் சட்டை. இது அப்பா.” சாரத் துண்டில் விரல் நின்றது. “இது ஆர்?”

“நான். தெரியாமத் தைச்சுப்போட்டன்.”

நடுத்துண்டுக்கு வந்ததும் அவள் குனிந்தாள். சரிகைக் கரையை அவளுக்குத் தெரியும். பொத்தானை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு போர்வையை இழுத்துத் தன்னைச் சுற்றிப் போர்த்தாள். கழுத்துக்கு மேலே அந்தச் சிவந்த மூக்கு மட்டும் தெரிந்தது.

“எல்லாரும் என்னென்னவோ சொல்லிப்போட்டினம்,” என்றாள். “நீங்கள்தான் இன்னும் ஒண்டும் சொல்லேல்ல.”

மனப்பாடம் செய்திருந்த வசனத்தை றொட்னி தேடினான். அது மன்னாரிலேயே நின்றுவிட்டது.

“டினோஜா,” என்றான். அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

டினோஜா தலையை ஆட்டினாள். “ஓம்,” என்றாள், அவன் ஒரு முழு வசனம் சொல்லி முடித்ததுபோல. “ஓம் றொட்னி. எனக்கும்தான்.”

காவல்காரர் எதையோ தேடுவதுபோல மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

இருவரும் வாசலடித் தேநீர்க் கடையில் சுடச்சுட ஆளுக்கு மூன்று தேநீர் குடித்தார்கள். என்ன கதைத்தார்கள் என்பது இருவருக்கும் சரியாக நினைவில்லை. கடைக்காரருக்கு மட்டும் நினைவிருக்கும், ஏனென்றால் அவர்களுடைய சிரிப்பில் ஒரு கிளாஸ் உடைந்தது. நாலு மணிக்கு அவளுக்கு ட்யூட்டி. கண்டிக்குப் போகும் பஸ்ஸும் வந்துவிட்டது. டினோஜா தன் மேல் சுவெட்டரைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். ரோஸ் நிறம், முன்னால் முயல் படம்.

“போடுங்கோ. வழியில விறைச்சுச் செத்துப்போனா நான் அம்மாவுக்கு என்ன சொல்லுறது?”

றொட்னி போட்டான். கை முழங்கையோடு நின்றது. பொத்தான்களை ஒவ்வொன்றும் மாறிப் பூட்டினான். அவள் ஒவ்வொன்றாக அவிழ்த்துத் திரும்பப் பூட்டிவிட்டாள். பஸ் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது.

கண்டியில் ஒரு சிநேகிதன் வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மன்னார் வந்து இறங்கினான். பாலத்தில் வெயில் தார் உருக எரித்தது. பஸ் நிலையத்தில் அவனுடைய ஓட்டோவுக்குள் றஞ்சிதம் கறிச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“மகள் போன் எடுத்தவள்,” என்றார். “பூசை முடிஞ்சு சாமியாரிட்டயும் கதைச்சிட்டன். வைகாசியில அவளுக்கு லீவு கிடைக்குமாம். ஏறும், வங்காலைக்கு விடும். டினோஜான்ர அப்பா உம்மோட சாப்பிட வேணும் எண்டு பசியோட இருக்கிறார்.”

றொசாந்தன் தன் ஓட்டோவில் இருந்து இறங்கி வந்து, றொட்னியின் முயல் படத்தை மேலும் கீழும் பார்த்தான். வியர்வை றொட்னியின் நாடி நுனியால் சொட்டிக்கொண்டிருந்தது.

“கழட்டடா மச்சான். அவிஞ்சு போவாய்.”

“இல்லை மச்சான்,” என்றான் றொட்னி, ஓட்டோவை ஸ்ரார்ட் பண்ணியபடி. “எனக்குக் குளிருது.”